பருத்தி நாட்டின் பூச்சித்திரங்கள்

பங்குனி மாதத்து விடியற்காலையில், பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் தெருமுனையில் வந்து நிற்பதற்குச் சற்று முன்னதாக, திருப்பூரின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். பொடக்காளி என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் புழக்கடையிலோ, மாடியில் வைத்த மண்தொட்டியிலோ மலர்ந்திருக்கும் செம்பருத்தி ஒன்றின் எதிரே ஒருவர் கைப்பேசியை நீட்டி, மூச்சை அடக்கி, தம் நிழல் பூவின்மேல் விழாதவாறு உடம்பை ஒரு பக்கமாக ஒதுக்கி நின்று, படம் பிடித்துக்கொண்டிருப்பார். பிடித்து முடிந்ததும் பூவைக் கொய்து சுவாமி படத்துக்குச் சாத்திவிட்டு அவர் வேலைக்குப் புறப்படுவார். படமோ காலை வணக்கத்தைச் சுமந்துகொண்டு உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேரும். நித்தியமும் நடக்கும் இச்சிறு காரியத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் வீட்டருகே பூத்த பூவைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அதன் உருவத்தையும் வாடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசைக்கு இந்தக் கொங்கு மண்ணிலே ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம், இந்நகரை வாழவைக்கும் பருத்தியோடு பின்னிக் கிடக்கிறது.

வசந்தம் என்றவுடன் சீதள தேசத்து நூல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு உருகும் பனியும், ஈர மண்ணைப் பிளந்துகொண்டு வரும் குருத்தும் ஞாபகத்துக்கு வரலாம். மேற்கு மலைகளின் மழை மறைவில் கிடக்கும் திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் வசந்தத்தின் இலட்சணமே வேறு. இங்கே பூக்காலம் வறட்சியின் நடுவே வந்து நிற்கிறது. தை மாதத்தில் தரிசெல்லாம் ஆவாரை மஞ்சள் பூத்துக் கிடக்கும். மாசியில் இலையை அடியோடு உதிர்த்துவிட்ட இலவமரம், கிளைதோறும் சிவந்த கிண்ணங்களை ஏந்தி நிற்கும். பங்குனியில் வேம்பும் புங்கும் பூத்து, காலையில் வாசல் கூட்ட வரும் பெண்களுக்கு, கூட்டுவதா விடுவதா என்று தயக்கம் உண்டாகும்படி தரையை மூடிவிடும். சித்திரையில் கொன்றை. கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போய்விட்ட காலத்தில், ஒரு குடம் நீரும் கேளாமல், இத்தனை மரங்களும் தாமாகவே பூத்துக் குலுங்குவது எவ்வளவு ஆச்சரியம்! சித்திரை முதல் நாளில் அந்த வேப்பம்பூவையே பச்சடியில் சேர்த்து உண்ணும் நம் ஜனங்கள், பருவத்தைக் கண்ணால் மட்டுமன்றி நாவாலும் அறிந்துகொண்டவர்கள்.

பண்டிகையைக் கொங்கு நாட்டில் நோம்பி என்பார்கள். பொங்கல் நோம்பியின் தொடக்கத்தில் வேப்பிலையையும் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் ஒரு கொத்தாக்கி, வீட்டு எரவாணத்திலும் தோட்டத்திலும் கட்டுத்தரையிலும் காப்புக் கட்டுவது வழக்கம். அந்நோம்பியின் கடைசி நாளுக்குப் பூப்பறிக்கிற நோம்பி என்று பெயர். அன்று பெண்டுகளும் பெண் குழந்தைகளும் கட்டுச்சோறும் பலகாரமும் கரும்பும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஆற்றங்கரைக்கோ பாறை மேட்டுக்கோ போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, பொழுது சாயும் வேளையில் திரும்பி வருவார்கள். ஆராய்ந்து பார்த்தால், பூவைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, ஊரே திரண்டு போன வழக்கம் இது. பிற்காலத்தில் காடுகள் சைட்டுகளாகி, சைட்டுகள் கம்பெனிகளாகி, ஆவாரை நின்ற மேடுகளில் கட்டடங்கள் எழுந்தபோது, நகரத்துக்குள்ளே இந்த நோம்பி மங்கியது. சுற்றுக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பூவைப் பறித்துச் சூடுவது ஒரு வகை அன்பு. அதன் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி வைப்பது இன்னொரு வகை அன்பு. இந்த இரண்டாவது அன்பு, பருத்தியை முன்னிட்டே இந்தச் சீமைக்கு வந்தது.

மாஞ்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டுமென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் கவலைப்பட்ட காலம் அது. நம் நாட்டுப் பருத்தி குட்டை இழை உடையது என்பதால், அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துப் பார்க்க அவர்கள் தீர்மானித்து, அப்பரீட்சையைக் கோயமுத்தூர் ஜில்லாவில் நடத்தும் பொறுப்பை 1842-இல் ராபர்ட் வைட் என்னும் வைத்தியரிடம் ஒப்படைத்தார்கள். திருப்பூர் அந்நாளில் அதே ஜில்லாவைச் சேர்ந்த ஒரு சிற்றூர். ஸ்காட்லாந்தில் 1796-இல் பிறந்து, 1819-இல் சென்னை ராஜதானிக்கு உதவி வைத்தியராக வந்த வைட், உத்தியோகத்தால் வைத்தியரும் பருத்தி அதிகாரியுமாக இருந்தாலும், மனத்தால் தாவர சாஸ்திரிதான். பருத்தி வயல்களை மேற்பார்த்த அதே பதினோரு வருஷங்களில், தென்னாட்டுச் செடி கொடிகளின் உருவங்களைத் தொகுக்கும் மகத்தான காரியத்தையும் அவர் கைவிடாமல் நடத்திவந்தார். 1838-இல் தொடங்கி 1853-இல் முடிந்த ‘ஐகோனிஸ்’ என்ற அவருடைய நூல், ஆறு தொகுதிகளில் 2,101 சித்திரங்களைக் கொண்டு, சென்னையில் கல்லச்சில் வெளியாயிற்று.

அந்தச் சித்திரங்களை எழுதிய கை வைட்டின் கை அன்று. ரங்கையா, கோவிந்து என்ற தென்னாட்டு ஓவியர் இருவரே அவற்றிற் பெரும்பாலானவற்றின் கர்த்தாக்கள். முதலில் ரங்கையாவும், 1840-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கோவிந்தும் வைட்டுக்காகச் செடிகளை வரைந்தார்கள். அவர்கள் செய்த வேலை எத்தகையது என்பதை இன்று படம் பிடிப்போர் சற்றே மனத்தில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். காட்டிலிருந்து ஒரு கிளை வரும். வந்த கணத்திலிருந்தே அது வாடத் தொடங்கும். கொங்கு நாட்டு வெயிலில் நண்பகலுக்குள் இதழ் சுருண்டுவிடும். அதற்குள்ளாகக் கிளையின் வளைவு, இலையின் மேற்புறம், புரட்டிவிட்ட ஓர் இலையின் அடிப்புறத்து நரம்பு, அரும்பு, விரிந்த மலர் ஆகிய யாவற்றையும் தாளில் பிடித்தாக வேண்டும். பிறகு பூவைக் கீறி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, புல்லி வட்டம் வேறாக, மகரந்தத் தாள் வேறாக, குறுக்கே அறுத்த சூற்பை வேறாக, விதை வேறாகப் பக்கத்தின் அடியிலே வரிசையாக எழுத வேண்டும். கடுகளவு சூற்பையில் எத்தனை அறைகள் என்று எண்ணி எழுதிய அந்தக் கோடுகளில் ஒன்று பிசகினாலும் ஒரு செடி வேறொரு செடியாகிவிடும். அழகுக்கும் சத்தியத்துக்கும் ஒருங்கே கடமைப்பட்ட வேலை அது.

இதே காலத்தில் மேல்நாட்டில் ஒளிப்படக் கலை பிறந்துகொண்டிருந்தது. 1839-இல் பாரிஸ் நகரத்தில் டாகுவேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, வைட்டின் முதல் தொகுதி சென்னையில் அச்சாகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் மருந்து பூசிய தாளில் இலையையும் பூவையும் பரப்பி வெயிலில் வைத்து நிழலுருவம் எடுத்தார். அன்னா அட்கின்ஸ் என்ற மாதரசி 1843 முதல் கடற்பாசிகளின் நீலநிற நிழலுருவங்களைப் புத்தகமாகத் தொகுத்தார். ஆகவே, ஒளிப்படக்காரர் முதன்முதலில் நாடிய பொருள்களுள் செடியும் ஒன்று என்று சொல்லலாம். ஆனால் அந்த நிழலுருவத்தில் வெளிக்கோடு மட்டுமே விழுந்தது. பூவின் உள்ளே என்ன இருந்தது என்பதைக் கோயமுத்தூரில் தூரிகை பிடித்தவர்களே காட்டினார்கள்.

கம்பெனி ஆட்சியில் ஐரோப்பியருக்காகச் செடியும் பறவையும் எழுதிய நம் ஓவியர்களிற் பெரும்பாலோர் பெயரில்லாமலே மறைந்துபோனார்கள். வைட் அவ்வாறு விடவில்லை. படத்தின் அடியில் வரைந்தவர் பெயரை அச்சிட்டார். ஆர்க்கிட் இனச் செடிப் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலத்துத் தாவர சாஸ்திரிகள் அச்செடியை வேறு பேரினத்தோடு சேர்த்துவிட்டபடியால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. மூலச் சித்திரங்கள் பல எடின்பரோவிலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் வாழ்க்கை பற்றியோ ஏடுகளில் கிடைப்பது மிகச் சொற்பம். நம் நாட்டுக் கலைச் சரித்திரத்தில் இவ்விருவருக்கும் உரிய ஸ்தானத்தை நாம் இன்னும் அளிக்கவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

வைட் 1853-இல் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பினார். அமெரிக்கப் பருத்தி அவர் விரும்பிய அளவுக்கு வேரூன்றவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்போடியா என்ற பெயரோடு அதே அமெரிக்க வம்சத்துப் பருத்தி வேறொரு வழியாக வந்து, கோயமுத்தூர் ஜில்லாவின் கிணற்றுப் பாசனக் காடுகளில் பரவிற்று. திருப்பூர் பருத்திச் சந்தையாயிற்று. அரவை ஆலைகள் எழுந்தன. 1920-களில் கதருக்குத் தலைமை ஸ்தலமாயிற்று. அதே பத்தாண்டில் பின்னல் இயந்திரமும் வந்து, பனியன் தொழிலுக்கு வித்திட்டது. அதற்குப் பிற்பட்ட கதை யாவரும் அறிந்தது.

அறியாதது பருத்திப் பூவைத்தான். பருத்தியினால் உலகெங்கும் பெயர் பெற்ற நகரத்தில், நூலின் கவுண்ட் எத்தனை, துணியின் ஜி.எஸ்.எம். எத்தனை என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த நூலைத் தந்த செடியின் பூவைக் கண்டவர்கள் வரவரக் குறைந்துவிட்டார்கள். பஞ்சும் நூலும் தூர தேசங்களிலிருந்து மூட்டையாக வருகின்ற காலம் இது. நான் சிறுவனாக இருந்தபோது பருத்திக் காட்டின் வரப்பில் நின்று, “வெளுத்திருக்கறது இன்னைக்குப் பூத்தது கண்ணு, செவந்திருக்கறது நேத்துப் பூத்தது” என்று என் அம்மாயி சுட்டிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கம்போடியா வம்சத்துப் பருத்தி காலையில் பாலேடு போன்ற வெண்மையில் விரியும், மாலையில் குவியும், மறுநாள் ரோஜா நிறமாகச் சிவந்து, அடுத்த நாள் உதிரும். ஒரே செடியில் வெள்ளையும் சிவப்பும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தவர்கள் இரண்டு ஜாதிப் பூ என்றே நினைப்பார்கள். நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியும் உப்பமும் மஞ்சளாகப் பூத்து, இதழின் அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்துக்கொள்ளும். பூவைத் தாங்கும் மூன்று பச்சை மடல்களின் ஓரம் சீப்புப் பல்லைப் போலக் கிழிந்திருக்கும். மல்லிகையைப் போல மணமில்லை, மாலையில் தொடுப்பதுமில்லை, ஆயினும் இந்நாட்டில் இத்தனை குடும்பங்களுக்குச் சோறிட்ட பூ வேறொன்று உண்டோ?

பருத்திப் பூவைக் காணாதவர்கள் வருந்த வேண்டியதில்லை; அதன் தாயாதிகள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். செம்பருத்தி என்ற பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். உறவு பெயரிலேயே இருக்கிறது. தாவர சாஸ்திரிகள் நுண்ணாடி கொண்டு கண்டறிந்து ஒரே குடும்பத்தில் வைத்த இரண்டையும், நம் முன்னோர் வெறுங்கண்ணால் கண்டு ஒரே சொல்லால் இணைத்துவிட்டார்கள். நடுவே எழும் குழலும், குழலைச் சுற்றி ஒட்டி நிற்கும் மகரந்தப் பைகளும் இரண்டுக்கும் பொது. தெருவோரத்துப் பூவரசு இன்னும் நெருங்கிய உறவு. அதுவும் மஞ்சளாகப் பூத்து, அடியில் கருஞ்சிவப்புக் காட்டி, பொழுது போகப்போகச் சிவக்கும். சமையலுக்கு வைத்த வெண்டையும், குப்பைமேட்டுத் துத்தியும், மாசியில் சிவக்கும் இலவும் இதே குலத்தவை. பருத்தி நகரத்து வீட்டுத் தோட்டத்தில், பருத்தி குலத்துக்குக் குறைவே இல்லை.

மற்றப் பூக்களிற் பல, தூர தேசத்திலிருந்து வந்த விருந்தாளிகள். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. செண்டுமல்லியும் அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்தவை. காம்பவுண்டுச் சுவரின்மேல் படரும் காகிதப்பூவும் அப்படியே. கோயிலுக்கும் கூந்தலுக்கும் உகந்தவையாக நாம் ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு இவற்றை அந்நியம் என்று தள்ளுவது நியாயமாகாது. ஆனால் விருந்தாளிக்கு இடம்கொடுத்த வீட்டுக்காரனுக்குத் திண்ணைகூட இல்லாமல் போவதை எப்படிப் பொறுப்பது? இதைக் கண்டிப்பாகச் சொன்னவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவருமான அவர், கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே வனஜீவிகளின் கம்பீரத்தை நமக்குக் காட்டியவர். நம் தோட்டங்களிலும் சாலைகளிலும் அந்நிய அலங்கார மரங்கள் நிறைவதைக் கண்டு மனம் நொந்து, சுதேச மரங்களின் சார்பில் பல்லாண்டு எழுதினார்.

கிருஷ்ணனைப் போன்றவர்கள் காட்டில் அலைந்துகொண்டிருந்த அந்நாளில், சாமானியக் குடும்பங்கள் பூவைப் படம் பிடித்ததே இல்லையா என்று கேட்கலாம். பிடித்தார்கள், செடியில் அல்ல, சடையில். சித்திரை வைகாசியில் மல்லிகை மலிந்து வரும்போது, வீட்டுப் பெண் குழந்தைக்குப் பூத் தைத்து விடுவது தமிழ்நாடெங்கும் இருந்த வழக்கம். அத்தையோ பெரியம்மாவோ பின்னால் அமர்ந்து, மொட்டுகளை வாழைப்பட்டையில் வரிசை பிசகாமல் தைத்து, சடையின்மேல் பதித்து முடிக்க அரை நாள் ஆகும். தலை கனத்து, கழுத்து வலித்து, குழந்தை சிணுங்கும். அசையாதே என்று அதட்டல் விழும். பொழுது இறங்குமுன் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே பின்னால் தொங்கும் திரையில் ஒரு தோட்டம் எழுதியிருக்கும். பக்கத்து முக்காலியில் பூச்சாடி இருக்கும். சடை தெரிய வேண்டுமே என்பதற்காக முதுகுப் பக்கம் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, முகமும் பூச்சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார் படக்காரர். மொட்டுகள் அன்றிரவே விரிந்து மறுநாள் வாடிவிடும்; படம் சட்டத்துக்குள் ஏறி நாற்பது ஐம்பது வருஷம் சுவரில் நிற்கும். நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வசந்தகாலப் பூப்படம் இதுதான். அதைப் பழசு என்று கழற்றி எறிந்துவிடாதிருக்க வேண்டும்.

தோட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு நீரைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல் இந்நகரின் நடுவே ஓடுகிறது. துணிக்கு நிறம் ஏற்றிய சாயப்பட்டறைகளின் கழிவு அதில் கலந்து, 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே உப்பும் சாயமும் தேங்கும் குட்டையாயிற்று. கரையோரத்துக் கிணறுகள் கரித்தன. அந்நீரை ஊற்றிய மல்லிகைக்கொடி இலை நுனி கருகி, மொட்டு விடாமலே பட்டுப்போயிற்று. கழிவு நீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்று 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, சுத்திகரித்த நீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஊன்றியது. எத்தனையோ குடும்பங்கள் வேலையிழந்து தவித்த நாட்களும் அவையே. அத்துன்பத்தை மறந்து தீர்ப்பை மட்டும் புகழ்வது சரியன்று. பின்னர் 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ முயற்சியில், நகரத்தார் தாமே முன்வந்து சுற்று வட்டாரமெங்கும் மரம் நட்டு வருகிறார்கள்.

படம் பிடிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயமுத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரச் சாலையில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட செடிகள் தாளில் ஒட்டப்பட்டு இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன் நிறம் மங்கிச் சருகாகிவிட்ட பூவும் இன்றைக்குப் பயன்படுகிறதென்றால், தாளின் மூலையில் பெயர், ஊர், தேதி என்ற மூன்றையும் யாரோ ஒருவர் எழுதி வைத்ததே காரணம். தாங்கள் பிடிக்கும் படத்துக்கும் அந்த மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். பூவை மட்டும் நெருங்கி எடுப்பதோடு, ரங்கையாவும் கோவிந்தும் செய்ததுபோல, இலையின் அடிப்புறத்துக்கு ஒரு படம், அரும்புக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று எடுங்கள். வேம்பு இந்த வருஷம் எந்தத் தேதியில் பூத்தது என்பது நம் வீட்டுக் கணக்கிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருத்தி விதை விதைத்துச் சுமார் அறுபது நாளில் பூக்கும். ஒரு மண்தொட்டியே போதும். தையில் இரண்டு விதை ஊன்றினால் பங்குனியில் முதல் பூ விரியும். காலையில் வெள்ளையாக ஒரு படமும், மறுநாள் அதே பூ சிவந்தபின் ஒரு படமும் எடுத்து, பனியன் தைத்துப் பிழைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.